சின்ன தங்கக் கம்பனி மில்லைப் பெருசாக்குதுன்னா பங்கை வச்சிருக்கலாமா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைன்னு நம்ம பக்கத்துல இருந்து போய் கனடாவுலயும் அவுஸ்திரேலியாவுலயும் இருக்கிற பிள்ளைங்க கொஞ்சப் பேர் தங்கச் சுரங்கக் கம்பனி பங்கு வாங்கி வச்சிருக்காங்க. 2025 மார்ச்ல தங்கம் ஒரு அவுன்ஸ் 3000 டொலரைத் தாண்டி, ஒக்டோபர்ல 4000 டொலரையும் தாண்டினதுக்குப் பொறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிருச்சு. வீட்டுக்கு போன் எடுக்கிறப்ப அவங்க கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்வி தான்: "அண்ணே, நான் வச்சிருக்கிற கம்பனி மில்லை ரெண்டு மடங்கு பெருசாக்கப் போகுதாம், பங்கை வச்சிருக்கவா, வித்துடவா?" மில்லுன்னா கல்லை அரைச்சுத் தங்கத்தைப் பிரிக்கிற எடம்.

கொழும்பு பங்குச் சந்தையில தங்கம் தோண்டுற கம்பனி இல்ல, சுரங்கம்னு சொன்னா கேகாலைப் பக்கத்து போகல கிராஃபைட் தான் நமக்கு ஞாபகம் வரும், அதனால இதைப் பத்தி தமிழ்ல சொல்லித் தர ஆளும் கொறவு. பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும், எந்த நம்பரை எடுத்துப் பெருக்கணும்னு தெரிஞ்சிக்கிட்டா கம்பனிக்காரங்க சொல்ற பெரிய பேச்சை நாமளே நிறுத்துப் பாக்கலாம்.

மொதல்ல ஒண்ணு. தங்கம் வச்சிருக்கிறதும் தங்கக் கம்பனி பங்கு வச்சிருக்கிறதும் ஒண்ணு இல்ல. ஒரு பவுன் 8 கிராம், ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், அதாவது நாலு பவுனுக்குக் கொஞ்சம் கொறவு. பெட்டியில இருக்கிற பவுன் நாளைக்கும் அதே பவுன் தான். 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபா பக்கம் போனப்ப நம்ம ஊர்ல நகை விலை தாறுமாறா ஏறிச்சே, அது பெரும்பாலும் ரூபா விழுந்ததால, உலகச் சந்தையில தங்கம் அந்த அளவுக்கு ஏறல. பங்கு அப்பிடி இல்ல. ஒரு அவுன்ஸை வெளிய எடுக்க 2000 டொலர் செலவாகுற கம்பனின்னு வைங்க, தங்கம் 3000 டொலர் இருந்தா கையில நிக்கிறது 1000. தங்கம் 20 சதவீதம் ஏறி 3600க்குப் போனா கையில 1600, அதாவது லாபம் 60 சதவீதம் கூடுது. அதே 20 சதவீதம் எறங்கி 2400க்கு வந்தா கையில வெறும் 400, லாபத்துல 60 சதவீதம் போச்சு. 2011 செப்டம்பர்ல 1900 டொலர் வரைக்கும் போன தங்கம் 2015 டிசம்பர்ல 1050 டொலர் பக்கம் வந்து நின்னிச்சு, அந்த நாலு வருசத்துல அவுன்ஸுக்குச் செலவு அதிகமா இருந்த சின்னக் கம்பனிங்க தான் மொதல்ல மூச்சு முட்டிப் போனாங்க.

அந்த 2000 டொலர்ங்கிற செலவுக் கணக்குக்கு ஏ.ஐ.எஸ்.சி.ன்னு ஒரு பேர் இருக்கு, உலகத் தங்கக் கவுன்சில் 2013ல கொண்டாந்த கணக்கு முறை. தோண்டுற செலவு, அரைக்கிற செலவு, ஒபிஸ் செலவு, இருக்கிற சுரங்கத்தை இப்பிடியே ஓட்ட வேண்டிய மெஷின் செலவு எல்லாம் அதுக்குள்ள வரும். ஆனா கவனமா கேளுங்க, புதுசா பெருசாக்குறதுக்குப் போடுற சல்லி அதுல வராது. வருமான வரி வராது, கடன் வட்டியும் வராது. அதனால விரிவாக்கம் நடக்குற வருசங்கள்ல ஒரு கம்பனி "எங்க செலவு அவுன்ஸுக்கு 1500 தான்"னு பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கும், பேங்க்ல இருக்கிற சல்லி மட்டும் மாசா மாசம் கொறஞ்சிக்கிட்டே போகும். ரெண்டும் உண்மையாவே இருக்கும். சிலர் பழைய சுரங்கத்தோட சாதாரணச் செலவைக் கூட "வளர்ச்சிச் செலவு"ன்னு அந்தப் பக்கம் தள்ளி எழுதுறதும் உண்டு. அதனால நான் ஏ.ஐ.எஸ்.சி.யைப் படிச்ச கையோட காசு வந்த கணக்கு, போன கணக்கு இருக்கிற பக்கத்தைத் திறந்து, மூணு மாசத்துக்கு முன்ன எவ்வளவு கையில இருந்திச்சு, இப்ப எவ்வளவு இருக்குன்னு பாத்துடுவேன்.

இப்ப விரிவாக்கத்துக்கு வருவோம். மில்லுன்னா மலையில இருந்து வெட்டி எடுத்த கல்லை அரைச்சு, பெரிய தொட்டிகள்ல சயனைட் கரைசல்ல போட்டுத் தங்கத்தைப் பிரிக்கிற எடம். தோட்டத்துல வேலை செஞ்சவங்களுக்கு இது சட்டுன்னு புரியும், ஏன்னா மில்லுங்கிறது நம்ம தேயிலை பெக்டரி மாதிரி தான், பச்சக் கொழுந்து நாலு கிலோவுக்கு மேல போட்டா தான் ஒரு கிலோ தேயிலை வரும், பெக்டரியில புதுசா ரெண்டு ரோலர் போட்டதால மலையில கொழுந்து கூடாது, மடுவத்துல நிறுக்கிற கொழுந்து அதே அளவு தான்னா புது ரோலர் சும்மா நிக்கும், இல்லைன்னா முத்தல் இலையையும் சேத்துப் போட்டு ஓட்டுவாங்க. சுரங்கத்துலயும் இதே கதை தான். மில்லைப் பெருசாக்குறது லேசு, சல்லி இருந்தா மெஷின் வாங்கிடலாம். பூமிக்கு அடியில புதுப் பாதை வெட்டி, காத்தோட்டம் குடுத்து, லொறி எறக்கி, நல்ல கல்லை அந்த வேகத்துக்கு மேல கொண்டு வர்றது தான் கஷ்டம். கல்லு பத்தலைன்னா என்ன செய்வாங்க, ஓரமா குவிச்சு வச்சிருந்த தங்கம் கம்மியான கல்லைப் போட்டு மில்லை நெரப்புவாங்க.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், கம்பனி கற்பனை தான், கணக்கு போடுற விதம் நிசம். ஒரு நாளைக்கு 1000 டன் அரைக்கிற மில்லு, வருசத்துக்கு 350 நாள் ஓடினா 3,50,000 டன். ஒரு டன் கல்லுல 4 கிராம் தங்கம் இருக்கு, இதைத் தான் கிரேடுன்னு சொல்வாங்க. அரைச்சுப் பிரிக்கிறப்ப அதுல 92 சதவீதம் கைக்கு வருது, இதுக்குப் பேர் ரெகவரி. மூணையும் பெருக்கினா 12,88,000 கிராம், 31.1ஆல வகுத்தா ஏறக்கொறைய 41,400 அவுன்ஸ். இப்ப கம்பனி மில்லை 2000 டன் ஆக்குது, வருசத்துக்கு 7,00,000 டன். மேல சொன்ன மாதிரி கம்மியான கல்லும் கலக்குறதால கிரேடு 2.5 கிராமுக்கு எறங்குது, தொட்டியில கல்லுத் தூள் நிக்கிற நேரம் கொறையுறதால ரெகவரியும் 90 ஆகுது. பெருக்கிப் பாருங்க, 15,75,000 கிராம், அதாவது 50,600 அவுன்ஸ் பக்கம். மில்லு ரெண்டு மடங்கு, தங்கம் கூடினது வெறும் 22 சதவீதம். அறிவிப்புல கொட்டை எழுத்துல "ரெண்டு மடங்கு"ன்னு போட்டிருப்பாங்க, அதுவும் பொய் இல்ல, மில்லு ரெண்டு மடங்கு தான்.

இதோட நிக்கல. அந்த மில்லுக்கு சல்லி எங்க இருந்து வந்திச்சு? சின்னக் கம்பனின்னா பெரும்பாலும் புதுப் பங்கு வெளியிட்டுத் தான். முன்ன 10 கோடி பங்கு இருந்த கம்பனி இப்ப 15 கோடி பங்குன்னு வைங்க. உங்க கையில 1000 பங்கு இருக்கு, அதுக்கு நீங்க ஒண்ணும் செய்யல, வாங்கவும் இல்ல விக்கவும் இல்ல. முன்ன அந்த 1000 பங்குக்குப் பின்னால வருசத்துக்கு 12.9 கிராம் தங்கம் வந்துக்கிட்டு இருந்திச்சு, ஒண்ணரைப் பவுனுக்கும் மேல. விரிவாக்கத்துக்குப் பொறகு அதே 1000 பங்குக்கு 10.5 கிராம், ஒண்ணேகால் பவுனுக்குக் கொஞ்சம் மேல அவ்வளவு தான். கம்பனி வளந்திச்சு, உங்க பங்கு தேஞ்சிச்சு. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றதே இது தான்: கம்பனி மொத்தமா எத்தனை அவுன்ஸ் எடுக்குதுன்னு பாக்காதீங்க, உங்க 1000 பங்குக்கு எத்தனை கிராம் வருதுன்னு பாருங்க, அதை எடுக்க எவ்வளவு செலவாகுதுன்னும் பாருங்க. பங்கு எண்ணிக்கையை எடுக்கிறப்ப பொறகு குறிச்ச விலைக்குப் புதுப் பங்கு வாங்குற உரிமையான வொரண்டும், அதே மாதிரி மெனேஜ்மென்ட் ஆளுங்களுக்குக் குடுத்த ஒப்ஷனும் சேத்து வர்ற முழு எண்ணிக்கையை எடுங்க, வெறும் வெளிய இருக்கிற பங்கை மட்டும் எடுத்தா கணக்கு பொய்யாகும்.

சரி, 2.5 கிராம்னு கம்பனி சொல்றதையாவது நம்பலாமா? அங்க தான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ட்ரில் ரிசல்ட்னு ஒண்ணு அடிக்கடி வெளியிடுவாங்க, பூமியில துளை போட்டு எடுத்த கல்லுத் துண்டை லெப்ல சோதிச்ச முடிவு. ஒரு வரி இப்பிடி இருக்கும்: "42 மீற்றர் நீளத்துக்கு டன்னுக்கு 3.1 கிராம், அதுக்குள்ள 1 மீற்றருக்கு 110 கிராம்." வாசிக்கிறப்ப ரெண்டுமே நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஒரு பேனையை எடுங்க. 42ஐ 3.1ஆல பெருக்கினா 130. அந்த ஒரு மீற்றர் மட்டும் 110. கழிச்சா மிச்சம் 41 மீற்றருக்கும் சேத்து 20 தான், அதாவது டன்னுக்கு அரைக் கிராம். 42 மீற்றர் தங்கக் கல்லுன்னு சொன்னது உண்மையில ஒரு மீற்றர் தங்கமும் 41 மீற்றர் வெறுங்கல்லும். இப்பிடிப்பட்ட ஒத்தை ஒத்தை மீற்றரை நம்பி பெரிய மில்லு கட்டினா அது பட்டினி கெடக்கும். முழு 42 மீற்றரும் ரெண்டு, மூணு கிராம்னு சீரா வந்திருந்தா அது வேற விசயம், நான் அந்த மாதிரி சலிப்பான ரிசல்ட்டைத் தான் விரும்புவேன்.

ட்ரில் ரிசல்ட்டை வச்சு மலைக்குள்ள எவ்வளவு இருக்குன்னு ஒரு மதிப்பீடு எடுப்பாங்க, அதுல தரம் தரமா இருக்கு. இன்ஃபர்ட்னா துளைக்கும் துளைக்கும் ரொம்ப தூரம், பெரும்பாலும் ஊகம். இண்டிகேட்டட், மெஷர்ட்னு போகப் போக நம்பிக்கை கூடும். அதுக்கு மேல, இதை எடுத்து வித்தா லாபம் வரும்னு ஆய்வு பண்ணி நிரூபிச்ச பகுதிக்குத் தான் ரிசர்வ்னு பேர். பிரி-எக்ஸ்னு ஒரு கனடாக் கம்பனி, இந்தோனேசியாவுல புசாங்கிற எடத்துல உலகத்துலயே பெரிய தங்கச் சுரங்கம் கெடச்சிருக்குன்னு சொல்லி, கடைசியில 1997ல சோதனைக்குப் போன கல்லுத் தூள்ல வெளிய இருந்து தங்கத்தைக் கலந்திருக்காங்கன்னு தெரிய வந்திச்சு, எத்தனையோ குடும்பத்துச் சேமிப்பு போச்சு. அதுக்குப் பொறகு தான் 2001ல கனடாவுல கண்டிப்பான சட்டம் வந்து, தகுதியுள்ள நிபுணர் கையெழுத்து போட்ட அறிக்கை கட்டாயமாச்சு. அந்த அறிக்கைங்க எல்லாம் செடார் பிளஸ்ங்கிற தளத்துல சும்மாவே வாசிக்கலாம். விரிவாக்கத் திட்டம் எந்த ஆய்வு மேல நிக்குதுன்னு அதுல தேடுங்க. பி.இ.ஏ.ன்னு சொல்ற ஆரம்ப ஆய்வுல இன்ஃபர்ட் தங்கத்தையும் சேத்துக் கணக்குப் போட அனுமதி இருக்கு, கட்டலாமான்னு முழுசா அலசுற ஃபீசிபிலிட்டி ஆய்வுல இல்ல. பி.இ.ஏ.யை மட்டும் வச்சு மில்லு கட்டுற கம்பனின்னா நான் தள்ளி நிப்பேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்னா, ரூபிகன் மினரல்ஸ்னு ஒரு கம்பனி, கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்து ரெட் லேக்ங்கிற எடத்துல, பேர் போன தங்கப் பூமி அது, அங்க இதே மாதிரி பி.இ.ஏ.யை நம்பி மில்லும் சுரங்கமும் கட்டினாங்க. 2013 கணக்குப்படி 30 லட்சம் அவுன்ஸுக்கு மேல இருக்குன்னு சொன்னாங்க. 2015 நடுவுல தங்கம் எடுக்கத் தொடங்கி, அந்த நவம்பர்லயே நிறுத்திட்டாங்க. 2016 ஜனவரியில புதுசா எடுத்த மதிப்பீட்டுல இருந்தது 4 லட்சம் அவுன்ஸ் சுமார், அதுலயும் முக்கால்வாசி இன்ஃபர்ட். மில்லு நல்ல மில்லு தான். அரைக்க கல்லு இல்ல.

ஆர்கனோட் கோல்ட்னு இன்னொரு கம்பனி, அதோட கதை வேற மாதிரி. ஒன்டாரியோவுல மஜினோங்கிற சுரங்கத்தைக் கட்ட 51 கோடி கனடா டொலர் ஆகும்னு ஆரம்பிச்சு, 2021 கடைசியில 80 கோடின்னு சொல்லி, 2022ல 90 கோடிக்கும் மேலன்னு சொன்னாங்க. அங்க தங்கம் இருந்திச்சு, பொய் இல்ல. ஆனா நடுவுல சல்லி பத்தாமப் போனப்ப பங்கு விலை ஏற்கனவே விழுந்து கெடந்திச்சு, அந்த மலிவு விலைக்குப் புதுப் பங்கை அள்ளி வெளியிட வேண்டியதாப் போச்சு. சுரங்கம் 2023ல தங்கம் குடுக்கத் தொடங்கிச்சு, 2024ல அலமோஸ் கோல்ட் அந்தக் கம்பனியை வாங்கிக்கிச்சு. ஆரம்பத்துல இருந்து பங்கு வச்சிருந்தவங்களுக்கு அந்தத் தங்கத்துல கெடச்சது ரொம்பக் கொஞ்சம்.

நல்ல கதையும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அவுஸ்திரேலியாவுல விக்டோரியா மாகாணத்து ஃபாஸ்டர்வில் சுரங்கம், கிர்க்லண்ட் லேக் கோல்ட்ங்கிற கம்பனி 2016ல இன்னொரு கம்பனியோட இணைஞ்சப்ப அதோட சேர்ந்து வந்திச்சு. அந்த வருசம் அங்க எடுத்தது 1,52,000 அவுன்ஸ் பக்கம், 2019ல 6,19,000 அவுன்ஸ். மில்லுல அரைச்ச கல்லு கூடினதா? கூடல, கொறஞ்சிச்சு. ஆழத்துல ஸ்வான்னு ஒரு பகுதி கெடச்சு, கிரேடு டன்னுக்கு 7.6 கிராம்ல இருந்து 39.6 கிராமுக்குப் போச்சு, அது தான் காரணம். கம்பனியோட பங்கு எண்ணிக்கையும் பெருசா ஏறல. அப்ப வளர்ச்சின்னா அது தான் வளர்ச்சி. ஸ்வான் பகுதி தீரத் தீர பொறகு உற்பத்தி எறங்கினதும் உண்மை, எந்தச் சுரங்கமும் ஒரு நாள் தீரும்.

அதனால தீர்ற கணக்கையும் போடணும். ரிசர்வ்ல 42 லட்சம் டன் கல்லு இருந்தா, வருசத்துக்கு 3,50,000 டன் அரைச்சா 12 வருசம் ஓடும், 7,00,000 டன் அரைச்சா 6 வருசம். புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்காம மில்லை மட்டும் பெருசாக்கினா அதே தங்கத்தைச் சீக்கிரம் எடுக்குறாங்க, அவ்வளவு தான். அது எப்பவும் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன், விலை நல்லா இருக்கிறப்ப சீக்கிரம் எடுத்து வித்தா லாபம் தான், ஒபிஸ் செலவு, காவல் செலவு எல்லாம் கூட அவுன்ஸுக்குக் கொறையும். ஆனா 6 வருசத்துல மில்லு போட்ட சல்லி திரும்பி வந்து அதுக்கு மேல எவ்வளவு நிக்கும்னு கேக்கணும், அந்தக் கணக்கை இன்னைக்கு விலையில போடாம, கால்வாசி கொறைச்ச விலையில போட்டுப் பாக்கணும். அப்பவும் தேறுதுன்னா தைரியமா வச்சிருக்கலாம்.

சல்லி வர்ற வழியைப் பத்தி இன்னும் கொஞ்சம். இருக்கிற சுரங்கத்து லாபத்துலயே விரிவாக்கம் பண்ணுற கம்பனி தான் எனக்குப் புடிச்சது, மெதுவா போகும், பங்கு தேயாது. கடன்னா எப்ப கட்டணும்னு பாருங்க, புது மில்லு முழுசா ஓடத் தொடங்க முன்னமே மொதல் தவணை வந்தா ஆபத்து. ஸ்ட்ரீம்னு இன்னொரு வழி இருக்கு, வீட்டன், ஃபிராங்கோ-நெவாடா மாதிரிக் கம்பனிங்க இப்ப ஒரு தொகையைக் குடுத்துட்டு, பொறகு சுரங்கத்துல வர்ற தங்கத்துல ஒரு பகுதியை ரொம்பக் கொறஞ்ச விலைக்கு வாங்கிக்கும். பங்கு எண்ணிக்கை ஏறாததால வெளிய பாக்க அழகா இருக்கும், ஆனா உங்க 1000 பங்குக் கணக்குல அந்தத் தங்கத்தைக் கழிச்சுட்டுத் தான் எழுதணும். அதோட ஒரு சொல்லு, இங்க வீட்டுல இருக்கிற நகையை பேங்க்ல அடகு வச்சு அங்க பங்கு வாங்க சல்லி அனுப்பச் சொல்றவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அது வேணாம், அம்மா கழுத்துல இருக்கிற தங்கத்துக்கு மெனேஜ்மென்டும் இல்ல, விரிவாக்கமும் இல்ல.

சுரங்கம் இருக்கிற நாடும் முக்கியம், இதை நம்ம மலையகத்து ஆளுங்களுக்கு நான் நீட்டிச் சொல்லத் தேவையில்ல. காணிச் சீர்திருத்தச் சட்டத்தால 1972ல தனியார் காணியும், 1975ல லண்டன் கம்பனிங்களோட தோட்டமும் அரசாங்கம் கைக்குப் போச்சு. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கிற மாலி நாடு 2023ல புதுச் சுரங்கச் சட்டம் போட்டு, அரசும் உள்ளூர் முதலாளிகளும் சேர்ந்து ஒரு சுரங்கத்துல 35 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கலாம்னு மாத்திச்சு. பெருசாக்குறதுக்கு முன்ன 80 சதவீதம் உங்க கம்பனிக்குன்னு இருந்தது, புது லைசன்ஸ் எடுக்கிறப்ப 65 ஆகலாம், அதையும் கணக்குல போடுங்க.

இவ்வளவும் பாத்து வச்சிருக்கலாம்னு முடிவு எடுத்தாலும் பொறுமை வேணும். கட்டுமானம் நடக்கிற காலத்துல பங்கு விலை தூங்கும், சுரங்கத் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விசயம், ஃபிராங்கோ-நெவாடாவை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான பியர் லசோன்ட் இதை ஒரு வளைகோடா வரைஞ்சு காட்டினாரு: கண்டுபிடிப்புல ஏறி, கட்டுறப்ப எறங்கி, உற்பத்தி நெருங்குறப்ப திரும்ப ஏறும். அதனால விலை எறங்கினதைப் பாத்து மட்டும் பயந்து விக்காதீங்க. செலவு மதிப்பீடு கூடிருச்சா, தேதி தள்ளிப் போச்சா, பங்கு எண்ணிக்கை ஏறிருச்சான்னு காலாண்டு அறிக்கையில பாருங்க. செலவு ஒரு தடவை 10 சதவீதம் கூடினா பரவாயில்ல, ஒரே வருசத்துல ரெண்டு தடவை கூட்டினாங்கன்னா மூணாவது தடவையும் கூட்டுவாங்கன்னு தான் நான் எடுத்துக்குவேன்.

மில்லு ஓடத் தொடங்கினதும் பாக்க வேண்டியது டன், கிரேடு, ரெகவரி. மொதல் ரெண்டு காலாண்டு மூணும் தடுமாறும், பம்ப் உடையும், மோட்டார் நிக்கும், அதைப் பெருசா எடுத்துக்கக் கூடாது. ஆனா மூணாவது, நாலாவது காலாண்டுலயும் மில்லு முழு வேகத்துல ஓடி, ரெகவரியும் சரியா இருந்து, கிரேடு மட்டும் ரிசர்வ் அறிக்கையில எழுதின அளவுக்குக் கீழயே நின்னா, அது மெஷின் கோளாறு இல்ல, மலைக்குள்ள அவங்க சொன்ன அளவு தங்கம் இல்ல, அந்த எடத்துல நான் விலை திரும்பும்னு காத்துக்கிட்டு இருக்காம வித்துட்டு வெளிய வந்துடுவேன்.